படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால்: காரணம் தேடுவதும் பம்ப் பொருத்துவதும்

தளப்பலகையைத் தூக்கினால் அடியில் தண்ணீர். பம்ப் சுவிட்சைப் போடுகிறோம், தண்ணீர் வெளியே போகிறது, பலகையை மூடிவிடுகிறோம். பெரும்பாலானோர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படகுகள் மூழ்குவது பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பம்ப் நமக்கு நேரம்தான் வாங்கித் தரும், கசிவை அடைக்காது. நங்கூரத்தில் ஆளில்லாமல் கிடக்கும் படகில் அந்த நேரத்தின் நீளம் பேட்டரியில் உள்ள சார்ஜைப் பொறுத்தது.

இங்கே சொல்வது 5 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள ஃபைபர் உல்லாசப் படகுகளுக்கு. அவுட்போர்டு எஞ்சின், ஸ்டெர்ன் டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் பகுதி பின்பலகைக்கு வெளியே), உள்ளே டீசல் எஞ்சின் வைத்து ஷாப்ட் (புரொப்பெல்லர் தண்டு) போட்டது, பாய்மரப் படகு எல்லாம் இதில் அடங்கும். பலகையால் கட்டி கலப்பத்து அடித்த (இடுக்குகளை அடைத்த) வள்ளம் தண்ணீரில் இறக்கியதும் சிறிது தண்ணீர் வாங்கும். பலகை ஊறிப் பெருத்ததும் நிற்கும். ஃபைபர் உடலில் ஊறிப் பெருக்க எதுவும் இல்லை. அதனால் ஃபைபர் படகின் பில்ஜ், அதாவது அடிக்குழி, காய்ந்திருப்பதே இயல்பு. விதிவிலக்கு ஒன்று உண்டு: கயிறு வைத்த ஷாப்ட் கிளாண்ட், அதாவது புரொப்பெல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் உள்ள அடைப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

தொடுவதற்கு முன்

பெட்ரோல் எஞ்சின் உள்ளே இருக்கும் படகானால் முதலில் மூக்கை நம்புங்கள். எஞ்சின் அறை மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடிக்குழியில்தான் போய்த் தங்கும். வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், பில்ஜ் பம்ப் சுவிட்சையும்தான். மூடிகளைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் விட்டு, எரிபொருள் கசிவை முதலில் பாருங்கள். வாசனை இல்லாவிட்டாலும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் புளோயர் (எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி) 4 நிமிடமாவது ஓட வேண்டும்.

அடுத்து, நிற்கும் தண்ணீரில் ஒரு குவளை எடுத்து மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள். பிறகு முழுவதையும் இறைத்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கழுவாமல் விட்டால் பழைய உப்புப் படிவு மழைத் தண்ணீரில் கரைந்து, வந்தது கடல் தண்ணீர் என்று நம்ப வைத்துவிடும்.

காய்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்துச் சேர்ந்ததை அளவுக் குவளையால் அளந்து எழுதுங்கள். சொட்டுக் கசிவைக் கண்ணால் பார்த்து மட்டு கட்ட முடியாது. ஏறத்தாழ 20 சொட்டு 1 மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், வாரத்துக்கு 30 லிட்டர். ஒரு எண் கையில் இருந்தால்தான் அடுத்த வாரம் கசிவு கூடியிருக்கிறதா என்று சொல்ல முடியும். அளவு ஏறிக்கொண்டே போனால் அது எங்கிருந்து வந்தாலும் உடனே கவனிக்க வேண்டியது.

என்ன தண்ணீர்?

நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் கூலன்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கலாம். இனிப்பாக இருக்கும், விஷம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்பை பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டுவது) இங்கே அருமையாகப் பயன்படும். மூன்று மாதிரிகளை அளவிடுங்கள்: பில்ஜ் தண்ணீர், படகுக்கு வெளியே உள்ள தண்ணீர், படகின் நன்னீர்த் தொட்டித் தண்ணீர். மழை நீர் பெரும்பாலும் நூறைத் தாண்டாது. தொட்டித் தண்ணீர் சில நூறுகளில் இருக்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சாதாரண மீட்டர் அதைக் காட்ட முடியாமல் நின்றுவிடும். அதற்கு ஒரு பங்கு மாதிரியுடன் ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அளந்தால் போதும்; கடல் நீரானால் அப்போதும் ஆயிரக்கணக்கில் காட்டும். பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களில் வெளித் தண்ணீரின் உப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். அங்கே மீட்டர் காட்டும் எண்ணைத் தனியாகப் பார்க்காமல் வெளித் தண்ணீரோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏரியில் ஓடும் படகுக்கு மீட்டர் அவ்வளவாக உதவாது. வெளியே இருப்பதும் நன்னீர், தொட்டியில் இருப்பதும் நன்னீர். தொட்டியில் சமையல் கலர் கொஞ்சம் கரைத்து விடுங்கள். அடிக்குழியில் அந்த நிறம் வந்தால் கசிவு படகின் சொந்தக் குழாய்களில்தான். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பிரஷர் பம்ப் அவ்வப்போது ஒரு நொடி ஓடி நிற்பதும் இதற்கு அறிகுறி. வெந்நீர் ஹீட்டர் இருந்தால் அதன் பாதுகாப்பு வால்வு சூடாகும்போது சிறிது தண்ணீர் விடும். அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ஏ.சி., ஃபிரிட்ஜ் வடிநீரும் சத்தமில்லாமல் அடிக்குழியில் வந்து சேரும். ஈரக்காற்று நாட்களில் அதுவே ஒரு நாளில் லிட்டர் கணக்கில் ஆகும்.

பச்சை அல்லது ரோஸ் நிறம் தெரிந்தால் கூலன்ட். மேலே வானவில் போல மினுமினுத்தால் எண்ணெய் அல்லது டீசல். இவற்றைத் தானியங்கி பம்ப் வெளியே தள்ளிவிடாதபடி உடனே பம்ப்பை ஆஃப் செய்துவிட்டு மேற்கொண்டு தேடுங்கள்.

எப்போது வருகிறது?

தண்ணீரின் வகை தெரிந்ததும் நேரம்தான் பெரிய துப்பு. கட்டிக் கிடக்கும்போது, மழையும் இல்லாமல், எஞ்சினும் ஓடாமல் ஏறினால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஏதோ ஒன்று: ஷாப்ட் கிளாண்ட், சீகாக் வால்வு (படகின் உடலில் உள்ள துளையை மூடித் திறக்கும் வால்வு), அதில் மாட்டிய ஹோஸ், ஸ்டெர்ன் டிரைவ் ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை), பின்பலகையைத் துளைத்துப் போன போல்ட்டுகள். அல்லது பில்ஜ் பம்ப்பின் வெளியேற்றுக் குழாயே தண்ணீரைத் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால் கடல் நீர் குளிரூட்டும் வழியைப் பின்தொடருங்கள். கடல் நீரை இழுக்கும் இம்பெல்லர் பம்ப்பின் உடலில் கீழ்நோக்கி ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே தண்ணீர் சொட்டினால் பம்ப் தண்டின் சீல் போய்விட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு, செய்யவே கூடாது. வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போகும், சில பம்ப்களில் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே போய்விடும். சீல் மாற்றுங்கள், அல்லது பம்ப்பை மாற்றுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (கூலன்டைக் கடல் நீரால் குளிர்விக்கும் பகுதி) ஓரமூடிகள், எக்ஸாஸ்ட் ஹோஸின் அடிப்பக்க வளைவு ஆகியவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள்.

வேகமாக ஓடும்போது மட்டும் என்றால், நிற்கும்போது தண்ணீருக்கு மேலே இருக்கும் துளை ஏதோ ஒன்று ஓட்டத்தில் நனைகிறது. எஞ்சினை முடுக்கும்போது பின்புறம் தாழும், அலையில் அணியம், அதாவது படகின் முன்பகுதி, இடிக்கும். நங்கூர அறையின் வடிகால், ரப்பர் பம்பருக்குப் பின்னே மறைந்திருக்கும் உடல்-மேல்தள இணைப்பு, சுக்கான் தண்டின் கிளாண்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். பாய்மரப் படகு ஒருபக்கம் சாயும்போது மட்டும் தண்ணீர் வந்தால் இதே இடங்களோடு கீல் (படகின் அடியில் உள்ள கனமான துடுப்புப் பகுதி) போல்ட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டைச் சுற்றித் துருநீர் வழிந்த தடம் இருந்தால் அது நீங்களே செய்யும் வேலை இல்லை. படகைக் கரையேற்றி விவரம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் வருவதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்குகிறோம். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள திறந்த படகின் மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 1,200 லிட்டர், 1.2 டன். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கடற்கரைக்கு ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் என்பது அதிசயம் இல்லை. தளத்தில் விழுந்த தண்ணீர் வடிதுளை வழியாக வெளியே போகாமல் அடிக்குழிக்குள் இறங்கும் படகானால், ஒரே இரவு போதும் பின்புறம் தாழ. அது தாழ்ந்தால் வடிதுளையே தண்ணீருக்குள் போய்விடும்; பிறகு கடலும் உள்ளே வரும். தார்ப்பாய் போட்டால் நடுவே ஒரு கழி கொடுத்து இருபக்கமும் சரிவாகக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டிய தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி, பாரம் தாங்காமல் கிழிந்து, மொத்தமாக உள்ளே கொட்டும்.

வழியைக் கண்டுபிடித்தல்

தண்ணீர் நிற்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. மேல்தளத்தில் அணியத்தருகே ஒரு திருகு வழியாக நுழைந்தது உட்சுவருக்குப் பின்னால் ஓடி எஞ்சினுக்கு அடியில் வந்து நிற்கும். எஞ்சினைக் கழற்றிவிட்டு, கடைசியில் மேல்தளக் கைப்பிடிக் கம்பியின் அடியில் கசிவைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

காய்ந்த அடிக்குழியில் களிமண்ணாலோ பிளம்பர் புட்டியாலோ இரண்டு விரல் உயரத்துக்குச் சிறு வரப்புகள் கட்டி மூன்று நான்கு பகுதிகளாகப் பிரியுங்கள். எந்தப் பாத்தியில் முதலில் தண்ணீர் சேர்கிறதோ அதற்கு மேலேதான் தேட வேண்டும். பிறகு சந்தேகப்படும் ஒவ்வொரு ஹோஸ் நுனி, வால்வு, போல்ட்டுக்குக் கீழும் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துவிட்டு ஒரு இரவு விடுங்கள். காகிதம் எங்கே நனைந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சரிவான பரப்பில் டால்கம் பவுடரைத் தூவினால் தண்ணீர் ஓடிய கோடு அப்படியே பதிந்திருக்கும். வேலை முடிந்ததும் வரப்புகளை முழுக்க அள்ளிவிடுங்கள். கரைந்த மண் பம்ப்பை அடைக்கும்.

மழைக் கசிவுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் வேண்டும். வெளியே இருப்பவர் தோட்டத்து ஹோஸால் தாழ்வான இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு பொருத்தியிலும் ஐந்து நிமிடம், அடிக்காமல் மெல்ல வழியவிட்டு. மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது ஒழுகுகிறது என்று சொல்ல முடியாமல் செய்துவிடும்.

டிரெய்லரில் ஏற்றும் சிறு படகுக்கு நேர்மாறான சோதனை ஒன்று உண்டு. கரையில் டிரெய்ன் பிளக்கை (படகின் அடி வடிதுளையை அடைக்கும் திருகு) போட்டு, உள்ளே அடிக்குழி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, வெளியே அடியில் எங்கே துளிர்க்கிறது என்று பாருங்கள். எடையை மறக்க வேண்டாம். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, டிரெய்லரும் படகின் அடியும் தாங்க வேண்டும். வயர் இணைப்புகளும் எஞ்சினின் ஸ்டார்ட்டரும் நனையும் உயரத்துக்கு விடக்கூடாது.

அடிக்கடி குற்றவாளியாகும் இடங்கள்

டிரெய்ன் பிளக் போட மறப்பதுதான் முதலிடம். சாவிக்கொத்தோடு பிளக்கைக் கட்டி வைத்தால் எஞ்சின் கிளப்பும்போது கைக்கு வரும். போட்டிருந்தும் ஒழுகினால் அதன் ரப்பர் வளையம் வெடித்திருக்கும், அல்லது பிளக் உட்காரும் பித்தளைக் குழலுக்கும் ஃபைபருக்கும் நடுவே சீலன்ட் விட்டிருக்கும். இரண்டாவது வகையைச் சும்மா விட்டால் தண்ணீர் பின்பலகையின் உள்ளே இருக்கும் மரத்தில் ஏறி, எஞ்சின் தொங்கும் பலகையையே மக்க வைக்கும். குழலைக் கழற்றி, மரம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, துளையின் உள்விளிம்பில் எப்பாக்சி பூசி, புது சீலன்ட்டோடு மாட்டுங்கள்.

ஷாப்ட் கிளாண்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிணற்று பம்ப்செட்டில் கிளாண்ட் கயிறு மாற்றியவர்களுக்கு இந்த வேலை புதிதில்லை, அதே தத்துவம்தான். சுழலும் தண்டைச் சுற்றி மெழுகு ஊறிய கயிறு, அதை இறுக்கும் நட்டு. கயிற்றுக்கு மசகும் குளிர்ச்சியும் கடல் நீர்தான். அதனால் தண்டு சுற்றும்போது நிமிடத்துக்கு 2, 3 சொட்டு விழ வேண்டும். நிற்கும்போது ஏறத்தாழ நின்றுவிட வேண்டும். சொட்டே கூடாது என்று இறுக்கினால் கயிறு கருகும், தண்டில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த தண்டில் எந்தக் கயிறும் நிற்காது, தண்டையே மாற்ற வேண்டி வரும்.

சரிசெய்யும் முறை: எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டு பெரிய ஸ்பேனர்கள் வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, பூட்டு நட்டை மறுபடி இறுக்குங்கள். படகை உறுதியாகக் கட்டி, கியரில் போட்டு மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்திய பிறகு கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் தளர்த்துங்கள். ஓடும் தண்டின் அருகே கையோ தொங்கும் துணியோ போகக்கூடாது.

நட்டில் மேற்கொண்டு இறுக்க இடமில்லையென்றால் கயிறு மாற்றும் காலம் வந்துவிட்டது. படகைக் கரையேற்றிச் செய்வதே நல்லது. பழைய கயிற்றைக் கொக்கி முனையால் முழுக்கத் தோண்டி எடுங்கள்; கடைசி வளையத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் புதியதைத் திணிப்பதுதான் வழக்கமான தவறு. கயிற்றின் தடிமனை ஊகிக்காமல், தண்டுக்கும் நட்டின் உட்சுவருக்கும் இடையிலான இடைவெளியை அளந்து வாங்குங்கள். தண்டின் மேல் கயிற்றைச் சுற்றி, சாய்வாக வெட்டினால் சரியான நீளத்தில் வளையங்கள் கிடைக்கும். மூன்று அல்லது நான்கு வளையங்கள். ஒரு வளையத்தின் வெட்டுவாய் அடுத்ததன் வெட்டுவாய்க்கு நேரே வராமல் மூன்றில் ஒரு சுற்று தள்ளி வையுங்கள். நட்டைக் கையால் இறுகும் வரை மட்டும் திருகி, தண்ணீரில் இறக்கிய பிறகு சொட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கிளாண்டைத் தாங்கும் தடித்த ரப்பர் ஹோஸையும் அதன் கிளாம்ப்களையும் அப்போதே பாருங்கள். ரப்பரில் வெடிப்பு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அது பிய்ந்தால் தண்டின் சுற்றளவு முழுவதும் தண்ணீருக்குத் திறந்த வாசல்.

சொட்டாத வகை சீல் இருந்தால் பில்ஜ் உண்மையாகவே காய்ந்திருக்க வேண்டும். ரப்பர் உதடு வைத்த வோல்வோ பென்டா சீலை, படகைத் தண்ணீரில் இறக்கியதும் விரலால் அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை விட வேண்டும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிடலாம். காற்றோடு ஓடினால் ரப்பர் எரிந்துவிடும்.

ஸ்டெர்ன் டிரைவின் ரப்பர் பெல்லோஸ் மடிப்புகளுக்குள் வெடிக்கும். டிரைவை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, மேலே தூக்கி, மடிப்பை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். வெடிப்பு தெரிந்தபின் இன்னொரு சவாரி போகக் கூடாது. ஒட்டுப் போடும் வேலையும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் உள்ளே போயிருந்தால் உள்ளே தண்டை இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்டும் அதைத் தாங்கும் கிம்பல் பேரிங்கும் துருப்பிடித்திருக்கும், அவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

சீகாக் வால்வுகளை மாதம் ஒருமுறை மூடித் திறங்கள். அசையாத வால்வு ஆபத்து நேரத்தில் இல்லாத வால்வுக்குச் சமம். சாதாரணப் பித்தளைப் பொருத்தி உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து ரோஸ் நிறமாக மாறும், பிறகு கையால் தட்டினாலே உடையும். வெண்கலம் அல்லது கடல் பயன்பாட்டுக்கென்று செய்த வலுவூட்டிய பிளாஸ்டிக்தான் வேண்டும். ஒவ்வொரு ஹோஸ் நுனியிலும் 316 ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டு, ஹோஸ் மாட்டும் குழல் அதற்கு இடம் தருமளவு நீளமாக இருந்தால். குறுகிய குழலில் இரண்டாவது கிளாம்ப் விளிம்புக்கு வெளியே போய் ஹோஸை அறுத்துவிடும். ஒவ்வொரு வால்விலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரக்கூம்பு ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

மேல்தளப் பொருத்திகளில் வெளியே சுற்றி சிலிகான் பூசுவது வேலைக்காகாது. கழற்றி, துளையைப் பெரிதாக்கி, தடித்த எப்பாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவே புதிதாகத் துளையிட்டு, துளையின் வாயைச் சற்று அகலமாகச் சீவி, பியூட்டைல் டேப் (ஒட்டும் மென்மையான ரப்பர் நாடா) வைத்து மாட்ட வேண்டும். சில நாள் விட்டுவிட்டுப் பிதுங்கி வந்ததை வெட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். இறுக்கும்போது மேலே உள்ள திருகைச் சுற்றாமல் கீழே உள்ள நட்டைத்தான் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் சுழன்று டேப்பைப் பிய்க்கும். இப்படிச் செய்தால் பின்னாளில் சீலன்ட் விட்டாலும் தண்ணீர் தளத்தின் உள்மரத்துக்குப் போகாது.

பம்ப்: எழுதியிருப்பதும் கிடைப்பதும்

பம்ப்பின் மேல் 500, 1100, 2000 என்று போட்டிருப்பது மணிக்கு இத்தனை அமெரிக்க காலன் என்ற கணக்கு. ஒரு காலன் 3.785 லிட்டர், அப்படியானால் 1100 என்பது நிமிடத்துக்கு 69 லிட்டர். ஆனால் அந்த எண் ஹோஸே இல்லாமல், மேலே ஏற்றாமல், எஞ்சின் சார்ஜ் ஏற்றும்போது கிடைக்கும் மின்னழுத்தத்தில் அளந்தது. ஒரு மீட்டர் உயரம் ஏற்றி, சில மீட்டர் ஹோஸ் வழியே, 12 வோல்ட்டில் ஓட்டினால் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான் வரும்.

எதிர்ப்பக்கம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து 30 செ.மீ. ஆழத்தில் 25 மி.மீ. துளை திறந்தால் நிமிடத்துக்கு 40 முதல் 70 லிட்டர் உள்ளே வரும். 60 செ.மீ. ஆழத்தில் 38 மி.மீ. துளையென்றால் 140 முதல் 230 லிட்டர். ஆழம் இரட்டித்தால் வரத்து சுமார் 1.4 மடங்குதான் கூடும். விட்டம் இரட்டித்தால் நான்கு மடங்கு. ஆக, ஒரு 1100 பம்ப் ஒரு சிறு ஹோஸ் கழன்றாலே திணறும். 7 மீட்டர் படகுக்கு, குழியின் அடியில் தினசரி வேலைக்கு ஒரு சிறிய தானியங்கி பம்ப், அதற்குச் சுமார் 10 செ.மீ. மேலே 2000 அளவில் இரண்டாவது பம்ப், இரண்டுக்கும் தனித்தனி ஹோஸ், தனி வயர், தனி வெளிவாய் என்று வைப்பது நியாயமான ஏற்பாடு. பெரிய பம்ப் எப்போதும் காய்ந்தே இருப்பதால் கெடாமல் இருக்கும். அதன் சுவிட்சோடு ஒரு அலாரத்தையும் இணையுங்கள். சிறிய பம்ப் தோற்றுவிட்டது என்று அப்போதுதான் தெரியும்.

ஹோஸின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் நெளிவு ஹோஸ் வரத்தைக் கணிசமாகக் குறைக்கும், குப்பையும் பிடிக்கும். பம்ப்பின் வாய் 28 மி.மீ. என்றால் கடைசி வரை 28 தான், நடுவே சுருக்கக் கூடாது. ஹோஸ் தொய்வில்லாமல் மேல்நோக்கியே ஏற வேண்டும். தொய்வில் தங்கிய தண்ணீர் காற்றைச் சிறைப்பிடித்து, மோட்டார் சுற்றியும் தண்ணீர் வராமல் செய்யும்.

வெளிவாய் எங்கே என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆட்கள் ஏறி, பெட்ரோல் நிரப்பி, பின்புறம் தாழ்ந்த நிலையிலும் தண்ணீர் மட்டத்துக்கு 20 முதல் 30 செ.மீ. மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்து வெளிவாய் தண்ணீருக்குள் போய்விட்டால், பம்ப் நின்றதும் சைஃபன் தொடங்கி வெளித் தண்ணீர் அதே ஹோஸ் வழியே உள்ளே பாயும். பாய்மரப் படகு சாயும்போது எந்த உயரமும் போதாமல் போகலாம். அங்கே ஹோஸை மேல்தளத்துக்குச் சற்றுக் கீழ் வரை உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று வாங்கும் வால்வு வைக்க வேண்டும்.

பம்ப் நின்றதும் ஹோஸில் உள்ள தண்ணீர் திரும்பி இறங்கும். 28 மி.மீ. ஹோஸ் 3 மீட்டரில் கிட்டத்தட்ட 1.8 லிட்டர். அது பம்ப்பைத் தானாக இயக்கும் மிதவைச் சுவிட்சை மறுபடி தூக்க, பம்ப் மறுபடி ஓட, பேட்டரி தீரும் வரை இதுவே நடக்கும். இதைத் தடுக்க ஒருவழி வால்வு போடத் தோன்றும். சுழல் வகை பம்ப்பில் போடாதீர்கள்: ஒரு முடியோ மரத்தூளோ மாட்டினால் வால்வு திறந்தே நிற்கும் அல்லது மூடியே நிற்கும், காற்றடைப்பும் வரும். ஹோஸ் நீளத்தைக் குறைப்பது, சிறிய பம்ப்பை 19 மி.மீ. வாயுள்ளதாக வாங்கி 19 மி.மீ. ஹோஸ் போடுவது, மிதவையைச் சற்று உயர்த்தி வைப்பது ஆகியவையே சரியான வழி.

வயரிங்கில்தான் பெரும்பாலான பம்ப்கள் சாகின்றன. தானியங்கி பம்ப்பின் வயர் பேட்டரி மெயின் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே எடுக்கப்பட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் பம்ப் விழித்திருக்கும். பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் ஃப்யூஸ். அதன் அளவு பம்ப்பில் அச்சிட்டிருப்பதுதான், ஒரு படி கூடக் கூடாது. குப்பை மாட்டி மோட்டார் நின்றுபோனால் மின்னோட்டம் ஏறும். சரியான ஃப்யூஸ் உருகும், பெரிய ஃப்யூஸ் உருகாமல் வயரை எரிக்கும். 5 ஆம்பியர் இழுக்கும் பம்ப் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் ஈயம் பூசிய 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள். மின்னழுத்த இழப்பு 3 சதவீதத்துக்குள் நிற்கும். 1.5 போட்டால் இழப்பு ஏறக்குறைய 5 சதவீதம். இணைப்புகளைக் குழிக்கு நன்கு மேலே கொண்டுவந்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். இன்சுலேஷன் டேப் ஒரு பருவம்கூடத் தாங்காது. சுவிட்ச் மூன்று நிலை: தானியங்கி, ஆஃப், கையால் ஓட்டுவது.

மாதம் ஒருமுறை மிதவையைக் கையால் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வெளிவாயில் வருகிறதா என்று பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்பதும் தண்ணீர் வெளியே போவதும் ஒன்றல்ல. பம்ப்பின் அடிவலையைக் கழற்றி முடி, நூல், கேபிள் டை வெட்டுத் துண்டுகளை எடுங்கள். விலாச்சட்டங்களின் அடியில் தண்ணீர் பின்னே ஓடச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை வளைந்த கம்பியால் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் அணியத்தில் தண்ணீர் நிற்க, பம்ப் பின்னே காய்ந்து கிடக்கும். எத்தனை முறை பம்ப் ஓடியது என்று எண்ணும் சிறு கவுன்டர் ஒன்றைச் சேர்த்தால், நீங்கள் இல்லாத நாட்களில் நடந்ததும் தெரியும்.

எண்ணெய் கலந்திருந்தால் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பாலிப்ரொப்பிலீன் விரிப்பைக் குழியில் போடுங்கள். தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயைப் பிடிக்கும். பம்ப்பின் வாய் அடைபடாதபடி கயிற்றால் கட்டி வையுங்கள். சோப்புத் தூள் போட்டுக் கரைத்து வெளியே தள்ளுவது கசிவை மறைப்பதோடு மீனுக்கும் குஞ்சுக்கும் கேடு. அமெரிக்கக் கடற்பரப்பில் அது சட்ட மீறலும்கூட. எண்ணெயைக் கேனில் எடுத்துக் கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

ஓட்டத்தின் நடுவே தண்ணீர் ஏறினால்

எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். எல்லா பம்ப்பையும் போடுங்கள், ஒருவர் வாளியில் இறைக்கட்டும். உடனே எஞ்சினை நிறுத்திவிடாதீர்கள். வேகத்தைக் குறைத்து, தண்ணீர் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். வேகம் குறைந்ததும் சில படகுகளில் துளை மேலே வந்து வரத்து நிற்கும், சிலவற்றில் பின்புறம் தாழ்ந்து கூடும். உள்ளே ஓடும் தண்ணீருக்கு எஞ்சின் ஹோஸே காரணமென்று தெரிந்தால் மட்டும் எஞ்சினை நிறுத்தி அதன் சீகாக்கை மூடுங்கள். தெரியாவிட்டால் மற்ற வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போங்கள். துளை தெரிந்தால் மரக்கூம்பை அடித்து இறுக்குங்கள். வெடிப்பானால் மெத்தையோ துணியோ வைத்துக் காலால் அழுத்தி, பலகை கொடுத்து முட்டுக் கொடுங்கள்.

அளவு குறையவில்லை என்று தெரிந்த நிமிடமே வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் இடத்தைச் சொல்லுங்கள். இந்தியக் கடலில் கடலோரக் காவல்படைக்கு 1554. மின்கலம் மூழ்கிவிட்டால் ரேடியோவும் போய்விடும் என்பதால் அழைப்பை இறைப்பு முடியும் வரை தள்ளிப்போட முடியாது. அருகே மணல் கரை இருந்தால், அலை அனுமதித்தால், ஆழத்தில் போராடுவதைவிடப் படகைக் கரையில் ஏற்றிவிடுவது மேல். அடைப்பு நின்று தண்ணீர் கட்டுக்குள் வந்தாலும் திரும்பும் வழி முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளப்பலகையைத் தூக்கிப் பார்க்க ஒருவரை அங்கேயே உட்கார வையுங்கள்.